பாட்டுக்குப் படம் கோக்கும் பிள்ளைகள்



"பையன் இராத்திரி பன்னிரண்டு மணிவரை கைப்பேசியும் கையுமாகக் கிடக்கிறான்; என்னடா செய்கிறாய் என்றால் 'எடிட் பண்ணுகிறேன்' என்கிறான்; அது என்ன வேலை சாமி?" என்று நம்மிடம் கேட்கும் தாய்மார் பெருகி வருகின்றனர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர்களில் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஆதலின் அவ்வேலை இன்னது என்பதை அருகிருந்து பார்த்து அறிந்துகொண்டு, ஈண்டு எழுத முற்படுகிறோம்.

செய்தி எளியது. பிள்ளை தனக்குப் பிடித்த பாட்டொன்றைத் தேர்ந்துகொள்கிறான். தன் மனத்திற்குகந்த நடிகரின் ஐந்தாறு படங்களிலிருந்து துண்டுதுண்டாகக் காட்சிகளை வெட்டியெடுக்கிறான். அவற்றைப் பாட்டின் தாளத்திற்கும் பொருளுக்கும் ஏற்ப வரிசைப்படுத்தி ஒட்டுகிறான். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடும் இப்புதுப் படத்திற்கே 'எடிட்' என்று பெயர். வாட்ஸ்அப் செயலியில் 2017ஆம் ஆண்டு 'ஸ்டேட்டஸ்' வசதி வந்தபோது ஒரு வீடியோவுக்கு 30 வினாடியே இடம் தரப்பட்டது. அந்த அளவுக்குள் அடங்குமாறு செய்யப் பழகிய கைகள் பல. 2020 ஜூன் திங்களில் நம் நாட்டில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த திங்களிலேயே இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' வந்தபின் இவ்வழக்கம் இன்னும் பரவிற்று. ஆண் பிள்ளைகள் மட்டுமே இதைச் செய்கின்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். கொரியப் பாடற்குழுக்களின் மேலும், ஜப்பானியக் கார்ட்டூன் கதைகளின் மேலும் பற்றுக்கொண்டு, மிக நேர்த்தியாக எடிட் செய்யும் பெண் பிள்ளைகளும் நம் ஊர்களில் உள்ளனர்.

பெரியோர் இதனைப் புதிய பைத்தியம் என்கின்றனர். அவ்வாறு சொல்லும் பெரியோரின் இளமைக் காலத்தைச் சற்றே நினைவூட்ட விரும்புகிறோம். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்தவர் யார்? பின்னர், ஒரு தாளில் விரும்பிய பாட்டுகளை எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, பக்கத்திற்கு அரை மணி நேரம் ஓடும் 60 நிமிட கேசட்டில் அவற்றைப் பதிவுசெய்து தரும்படி காத்துக்கிடந்தவர் யார்? எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு என்று அவர் அன்று செய்த ஆலோசனையைத்தான் அவர் பேரன் இன்று படத்தை வைத்துச் செய்கிறான். வி.எச்.எஸ். வீடியோ வந்த காலத்துத் திருமணங்களையும் மறக்கலாகாது. மணமகள் புகுந்த வீடு செல்லும் காட்சிக்குச் சோகமான சினிமாப் பாட்டு. மணமக்கள் புன்னகைக்கும் காட்சிக்குக் காதல் பாட்டு. ஒரு காட்சி மறைந்து மறு காட்சி தோன்றும் இடத்தில் இதய வடிவம் ஒன்று விரிந்து மூடும். கோவிலில் நடந்த திருமணத்திற்கும் இதில் விலக்கில்லை. அந்த இதய வடிவம் இன்றும் சாகவில்லை. கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது, அவ்வளவே.

வெளிநாடுகளிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு கேண்டி ஃபாங் என்னும் பெண்மணி, 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் படவில்லைகளைப் பாட்டுக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிட்டு அத்தொடரின் இரசிகர்களுக்குக் காட்டினார். இவ்வகைக் கலையின் தொடக்கம் அதுவே என்பர். 1982இல் ஜிம் கபோஷ்டாஸ் என்னும் இளைஞர் இரண்டு வீடியோ ரெக்கார்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, ஜப்பானியக் கார்ட்டூன் தொடரொன்றின் போர்க்காட்சிகளை, அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் குழுவின் பாட்டோடு சேர்த்தார். குண்டு வெடிக்கிறது; பாட்டோ அன்பைப் பாடுகிறது. பார்த்தவர் சிரித்தனர். காட்சியும் பாட்டும் பழையவையே; சேர்க்கை மட்டுமே அவருடையது.

நம் நாட்டிலும் ஒன்று சொல்லலாம். திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூப்பாண் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, இயேசு பெருமானின் வாழ்வைக் காட்டும் மௌனப் படத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றார் என்பது பலரும் அறிந்தது. அக்காலத்தில் மேல்நாடுகளில் திருப்பாடுகளின் படங்கள் காட்சி காட்சியாகத் தனித்தனியே விற்கப்பட்டன. வாங்கியவர் தம் பணவசதிக்கும் விருப்பத்திற்கும் தக்கவாறு அவற்றைக் கோத்துக் காட்டினார். படம் காட்டியவரே படத்தொகுப்பாளருமாக விளங்கிய காலம் அது.

இனி, பழகுவோர் எவ்வாறு பழகுகின்றனர் என்பதற்கு வருவோம். பாகூர் ஏரியை அடுத்த சிற்றூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞர் ஒருவர் தம் முதல் முயற்சிகளை நமக்குக் காட்டினார். முதல் எடிட்டில் அரை நிமிடத்திற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள். திரை நடுங்குகிறது, மின்னுகிறது, சுழல்கிறது. நடிகரின் முகத்தை நாம் ஒருமுறைகூட முழுதாகப் பார்க்க இயலவில்லை. ஓரத்தில் ஏதோ தொலைக்காட்சியின் முத்திரை. நடிகரின் உதடு வசனம் பேசுகிறது, பாட்டு வேறெதையோ பாடுகிறது. தொடக்கக்காரர் அனைவரும் செய்யும் குறைகள் இவை. செயலியில் உள்ள வித்தைகள் அனைத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடும் ஆசையே காரணம். சமைக்கக் கற்கும் பெண் அஞ்சறைப்பெட்டி முழுவதையும் ஒரு குழம்பில் கவிழ்ப்பதைப் போன்றது இது.

அவருடைய ஏழாவது முயற்சியோ வேறு விதமாயிருந்தது. இடையில் என்ன நேர்ந்தது என்று கேட்டோம். கைப்பேசியைத் தொடுமுன் பாட்டைக் கண்மூடிப் பத்துமுறை கேட்டாராம். பல்லவி எங்கே முடிகிறது, இடையிசை எங்கே எழுகிறது, சரணம் எந்த வினாடியில் தொடங்குகிறது என்பதைப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டாராம். பிறகே காட்சிகளைத் தேடியிருக்கிறார்.

இதில் கணக்கும் உண்டு. நிமிடத்திற்கு 120 அடி விழும் பாட்டில் அரை வினாடிக்கு ஓர் அடி. திரைப்படம் வினாடிக்கு 24 படங்களாக ஓடுவது; ஆகவே ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 12 படங்கள். செயலியை வினாடிக்கு 30 என்று வைத்துவிட்டால், குறைகிற படங்களை ஈடுசெய்ய அது நான்குக்கு ஒரு படத்தை இருமுறை காட்டும். ஓட்டத்தில் ஒரு திக்கல் தெரியும். காரணம் அறியாமல் கைப்பேசியைப் பழிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒவ்வோர் அடிக்கும் வெட்ட வேண்டும் என்பதுமில்லை. தாளத்தோடு எழுவது ஒரு கையசைவாகவோ, திரும்பும் தலையாகவோ, மூடும் கதவாகவோ இருக்கலாம். வெட்டு இல்லாமலே காட்சி தாளத்தில் நிற்கும்.

இதனினும் கடினமானது ஒன்றுண்டு. கொட்டகையின் அகன்ற திரைக்காக எடுக்கப்பட்ட காட்சி, உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அகலமுடையது. நெட்டையாகப் பிடித்த கைப்பேசியிலோ அகலம் உயரத்தில் பாதியைச் சற்றே மிஞ்சும். அகன்ற காட்சியை இந்நெட்டைச் சட்டத்துள் நிரப்பினால் நான்கில் ஒரு பங்குகூட எஞ்சாது. தாயும் மகனும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் இருவருள் ஒருவரையே வைத்துக்கொள்ளலாம். யாரை வைப்பது? தன் நாயகன் முகத்தையே எப்போதும் வைத்துக்கொண்டிருந்த நம் இளைஞர், ஏழாவது எடிட்டில் நாயகனை விட்டுவிட்டுத் தாயின் முகத்தை வைத்திருந்தார். மகன் பேசுவதைக் கேட்கும் முகம் அது. இரசிகர் ஒருவர் தம் நடிகரையே வெட்டி ஒதுக்கத் துணிந்த அந்த இடத்தில்தான் அவர் படத்தொகுப்பைக் கற்கத் தொடங்கினார் என்று நாம் கருதுகிறோம். பீ. லெனின், ஸ்ரீகர் பிரசாத் ஆகியோர் தேசிய விருதுகள் பல பெற்ற படத்தொகுப்பாளர்கள். அவர்கள் கையில் வெட்டுண்டு விழுந்த காட்சிகள் எத்தனை என்பதைப் பார்வையாளர் ஒருவரும் அறியார்.

வெட்டி ஒட்டுவதன் வல்லமையை உருசிய நாட்டு லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சோதித்துக் காட்டினார். உணர்ச்சி ஏதும் காட்டாத நடிகர் ஒருவரின் முகம். அதனையடுத்து ஒரு கிண்ணம் சூப்பு. மீண்டும் அதே முகம். அடுத்துச் சவப்பெட்டியில் ஒரு சிறுமி. மீண்டும் அதே முகம். அடுத்து ஓர் அழகிய பெண். பார்த்தவர்கள் அவர் பசியையும் துயரத்தையும் மோகத்தையும் எத்துணை நுட்பமாக நடித்தார் என்று வியந்தார்களாம். முகமோ மாறவேயில்லை. நம் வீட்டுப் பிள்ளை அறியாமலே நாள்தோறும் இதைத்தான் செய்கிறான்: ஒரு படத்து நாயகனின் பார்வையை எடுத்து, வேறொரு படத்து நாயகியின் கண்ணீரோடு ஒட்டுகிறான். இருவரும் சந்தித்ததேயில்லை, எனினும் பார்ப்பவர் நெஞ்சில் ஒரு கதை பிறந்துவிடுகிறது.

நடிகர்களை வைத்து விளையாடும்வரை இதனால் பெருந்தீங்கில்லை. மெய்யான மனிதரை வைத்து விளையாடும்போதே நமக்கு அச்சம் எழுகிறது. அரசியல்வாதி ஒருவர் பேச்சின் நடுவே இரண்டு சொற்களை வெட்டிவிட்டால் அவர் சொல்லாததைச் சொன்னவராவார். திருவிழாக் கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தை அவள் அறியாமல் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, காதல் பாட்டை ஒட்டிவிட்டால், மறுநாள் அவள் வீட்டில் அடி விழுகிறது. ஒட்டியவனுக்கோ அது ஒரு 'ஸ்டேட்டஸ்'.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேராயினும், லூர்து அன்னை திருத்தலத் தேர்பவனியாயினும், இழுப்பதும் வணங்குவதும் பலதரப்பட்ட மக்கள். எந்தத் திருவிழாவாயினும், அக்காட்சியின் மேல் ஒரு சாதியின் பெருமை பாடும் பாட்டை ஒட்டினால், ஊருக்குப் பொதுவான தேர் அந்த அரை நிமிடத்தில் ஒரு தெருவுக்குரியதாகிவிடுகிறது. காலையில் எதிர்த்தெருப் பிள்ளைகள் அதனைக் காண்கின்றனர். மாலையில் அவர்கள் பாட்டோடு பதில் வருகிறது. இத்தகைய சில வினாடிப் படங்களால் கைகலப்புவரை சென்ற ஊர்கள் தமிழகத்தில் உண்டு. நம் பங்குகள் இந்நோய்க்குத் தப்பியவை என்று பெருமை பேசுவதற்கில்லை. எந்தப் பாட்டை எதன் மேல் ஒட்டுகிறாய் என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு முதலில் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். பிடுங்கி வைப்பதால் இது நடவாது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுக் காப்பு உண்டு. பாட்டின் வரிகள், இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி உடைமைகள். தனிப்பட்ட பயன், விமரிசனம் போன்றவற்றிற்குச் சில விலக்குகள் இருப்பினும், இரசிகரின் அன்பு என்பது சட்டத்தில் ஒரு விலக்கன்று. யூடியூப் நிறுவனம் 2007 முதல் பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் பொறியை வைத்திருக்கிறது. பெரும்பாலும் விளம்பர வருவாய் உரியவருக்குப் போய்ச் சேரும், அல்லது வீடியோ முடக்கப்படும், அத்தோடு முடியும். உரிமையாளரே முறையிட்டு 90 நாளில் மூன்று எச்சரிக்கை வந்துவிட்டாலோ சேனலையே இழக்க நேரும். ஆகவே பழகுவதற்குச் சினிமாக் காட்சி உதவலாம்; பிழைப்புக்கு உதவாது. தாமே எடுத்த காட்சியில் பழகியவருக்கே ஸ்டுடியோக்காரர் வேலை தருவார். பாகூரில் நெல் அறுவடைக்குக் காட்சிப் பஞ்சமில்லையே!

நாம் மேலே சொன்ன இளைஞருக்கு வந்த முதல் பொறுப்பான வேலை ஒரு சாவு வீட்டிலிருந்து வந்தது. பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் காலமாக, 'கண்ணீர் அஞ்சலி' வீடியோ செய்து தரும்படி பேரப்பிள்ளைகள் கேட்டனர். வழக்கப்படி ஒரு சோகப் பாட்டு, உதிரும் மலர்கள், எரியும் மெழுகுதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வரும் நிழற்படங்கள் என்று செய்து முடித்துவிட்டார். அனுப்புவதற்குமுன் வீட்டார் கொடுத்தவற்றுள் ஒரு சிறு வீடியோவைக் கண்டார். திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் மூதாட்டி, படமெடுக்கும் பேத்தியைப் பார்த்து, "போய்ப் படிடி" என்று அதட்டுகிறார். பதினொரு வினாடி. இளைஞர் மலர்களையும் மெழுகுதிரியையும் நீக்கினார். நிழற்படங்களைச் சுழற்றாமல் நிறுத்தினார். பாட்டை அந்த இடத்தில் மெல்லத் தணித்துவிட்டு, பதினொரு வினாடியையும் வெட்டாமல் வைத்தார். முப்பதாம் நாள் பூசைக்குப்பின் அவ்வீட்டில் அதைப் போட்டபோது நாமும் உடனிருந்தோம். "போய்ப் படிடி" என்ற குரல் எழுந்ததும் வீடே சிரித்தது, பிறகுதான் அழுதது.

அதன்பின் இத்தகைய வேலை சில வந்திருக்கிறதாம். வீட்டாரிடம் நிழற்படம் கேட்பதற்குமுன், "ஆயா பேசின வீடியோ ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பதாக அவர் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை.