ஆறு மாதம் தூங்கிய மிஷின்

2019 மே 3ஆம் தேதி ஃபானி புயல் புரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது, புவனேஸ்வரத்தில் இருந்த நம்மவர்கள் யாரும் அந்தக் காலைப் பொழுதை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் காலனிச் சந்தில் மட்டும் நான்கு மரங்கள் விழுந்தன. அறுக்க ஆள் கிடைக்காமல் நாட்கணக்கில் தவித்தோம். அதன் பிறகுதான் எல்லோரும் பணம் போட்டு, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின் ஒன்று வாங்கினோம். செயின் ஸா என்று கடையில் சொல்வார்கள். "சார் ரயில்வேக்காரர், மிஷின் விஷயம் தெரிந்தவர்" என்று அதைக் கொண்டுவந்து என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

பெருமை 2024 ஏப்ரல் மாதம் ஒரு ராத்திரியில் போயிற்று.

அன்று காலபைசாகி. இந்தப் பக்கத்தில் கோடையில் சாயங்கால வேளையில் திடீரென்று அடிக்கும் சூறைக்காற்றுக்கு அதுதான் பெயர். ஒன்பது மணிக்குச் சந்து முனையில் இருந்த குல்மொஹர் மரம், இவர்கள் க்ருஷ்ணசூடா என்பார்கள், வேரோடு சாய்ந்து வழியை அடைத்துவிட்டது. எங்கள் வரிசையில் கடைசி வீட்டு நண்பருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "கவலைப்படாதீர்கள், விடிந்ததும் அரை மணி நேர வேலை" என்று நான்தான் அவரிடம் வாக்குக் கொடுத்தேன்.

விடிந்தது. மிஷினை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு இருமல், ஒரு புகை, அவ்வளவுதான். கடைசியில் நண்பரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக் கிளைகளின் மேல் கடத்தி, மெயின் ரோட்டில் ஆட்டோவில் ஏற்றினோம். இரண்டு மணி நேரம் தாமதம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும், "மிஷின் இருக்கிறதே என்று இருந்தோம் அண்ணா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது இன்றுவரை உறைக்கிறது.

அன்று மத்தியானமே மிஷினைப் பிரித்துப் போட்டேன். அதற்கு முந்தைய அக்டோபரில், பூஜைப் பந்தலுக்கு இடைஞ்சலாக இருந்த கிளைகளை வெட்டிவிட்டு, டாங்கில் பாதி பெட்ரோலோடு அப்படியே வைத்திருந்தேன். டாங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் வாசனை. கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஊசி வால்வு பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. டாங்குக்குள் குழாய் முனையில் தொங்கும் சிறு ஃபில்டரும் அடைப்பு. மிஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுவதும் மாடிப்படிக்காரனுடையது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அதிகமானால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயமல்ல. பெட்ரோல் தங்குவதற்கு நேரமில்லை. வருஷத்தில் இரண்டு நாள் ஓடும் சின்ன மிஷினுக்கு இதுவே விஷம். இந்த மிஷின்களின் கைப்புத்தகங்கள் பல, 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. நமக்குக் கிடைப்பதைத்தானே ஊற்ற முடியும்? ஆகவே, கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, பிறகு மிஷினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கார்பரேட்டரில் மிச்சமிருப்பதும் எரிந்து தீர்ந்துவிடும்.

பழைய ராஜ்தூத், லாம்பிரெட்டா வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இதுவும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்தான். தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்த டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். எங்கள் மிஷினுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆயிலைப் பொறுத்துச் சிலவற்றுக்கு 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. உடன் வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே வேதவாக்கு. தனிக் கேனில் கலந்து குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். கார் என்ஜின் ஆயில் கூடவே கூடாது. ஆயில் இல்லாத வெறும் பெட்ரோலில் சில நிமிஷம் ஓடினாலும் பிஸ்டன் சிலிண்டரைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பழைய இரும்புக்காரன்தான்.

செயினுக்கு எண்ணெய் வேறு, வேறு டாங்க். அது பாரின் பள்ளத்தில் வழிந்து செயினை நனைக்கும். ஓடும்போது பார் நுனியை ஒரு பழைய பேப்பருக்கு மேலே, தொடாமல், காட்டினால் எண்ணெய்க் கோடு தெளிக்க வேண்டும். தெளிக்கவில்லை என்றால் எண்ணெய்த் துளை மரத்தூளில் அடைந்திருக்கிறது. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை இதில் ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

இனி முக்கியமான சங்கதி, அரம் பிடிப்பது. நான் வேலையில் இருந்த காலத்தில், எங்கள் செக்‌ஷனில் ஒரு ஒடியா கேங்மேன் இருந்தார். லைன் மேல் விழுந்த மரத்தை அறுத்துவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். அவர் மட்டும் ஒரு ஸ்லீப்பரில் உட்கார்ந்து, மிஷினை மடியில் கிடத்தி, பல் பல்லாக அரம் தேய்ப்பார். "பாபு, கையால் அழுத்தினால் மரம் அறுபடவில்லை என்று அர்த்தம்" என்பார். அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும்; சீவல் சீவலாகத் துப்பும். மழுங்கிய செயின் மாவாகத் தூள் தள்ளும், புகையும், ஆளைக் களைக்க வைக்கும். களைத்த ஆள் அழுத்துவான். விபத்து அங்கேதான் ஆரம்பம்.

எங்களுடையது .325 அங்குல பிட்ச் செயின். அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு. உள்ளிருந்து வெளிப்புறமாக, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் அதிகமானால் மிஷின் வளைந்து அறுக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சில தடவை அரம் பிடித்த பிறகு தட்டை அரத்தால் அதையும் குறைக்க வேண்டும். அதிகம் குறைத்தால் செயின் மரத்தைக் கவ்வி உதறும்.

இந்தப் பல்லின் வளைவு ஒரு புழுவிடம் கற்றது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-இல், ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது தன் இரண்டு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டு போயிற்று. அதே மாதிரி இடப் பல், வலப் பல் என்று செயின் செய்தார். இன்றைக்கும் அதே அமைப்புதான்.

செயினின் இறுக்கத்தைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். சூட்டில் செயின் நீளும். வேலை நடுவில் இறுக்கியிருந்தால் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். குளிர்ந்து சுருங்கும்போது அச்சையே பிடித்து இழுக்கும். வெயிலில் தண்டவாளம் நீள்வதோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றவனுக்கு இது புதிதல்ல. பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சோப்பு வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுவது பெண்டாட்டிக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய வேலை. சமையலறை பிரஷ் தேவைப்படும். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், முனை இளம் பழுப்பாக இருந்தால் என்ஜின் சௌக்கியம்.

செயின் பிரேக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சோதிக்காமல் நான் மரத்தில் வைப்பதில்லை. பார் நுனியின் மேல்பாதி கட்டையில் பட்டால் மிஷின் ஆளை நோக்கி எகிறும். செயின் வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர், ஒரு பாசஞ்சர் வண்டியின் வேகம். முன்கைக் காப்பைத் தள்ளினால் அந்தக் கணமே செயின் நிற்க வேண்டும். அதேபோல், ஐட்லிங்கில் செயின் சுற்றவே கூடாது. சுற்றினால் ஐட்லிங் திருகைக் குறையுங்கள். அப்போதும் சுற்றினால் மெக்கானிக்கிடம் போங்கள். கையால் செயினைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் என்ஜினை நிறுத்தி, பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள்.

புது டயாஃப்ரமும் ஃபில்டரும் போட்டதும் எங்கள் மிஷின் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. இப்போது ஏப்ரல் முதல் ஞாயிறும் அக்டோபர் முதல் ஞாயிறும், புயல் பருவங்களுக்கு முன்னால், சந்து முனையில் அதை ஓட்டிப் பார்க்கிறோம். அன்று நாற்காலியைத் தூக்கியவர்களில் ஒருவன், நண்பரின் அக்கா பிள்ளை, காலேஜில் படிக்கிறான். அரம் பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். முதல் தடவை வலப் பக்கம் அதிகமாகத் தேய்த்துவிட்டான். இப்போது பரவாயில்லை. மாடிப்படி அறையின் ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அவனிடம்.