எளாவூரில் இருப்பது லண்டனுக்கு எப்படித் தெரியும்?

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர். அதற்கப்பால் ஆரம்பாக்கம், பிறகு ஆந்திர மாநிலம். லாரி ஓட்டுநர்களிடம் எளாவூர் என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடிதான். சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைச் சாவடியில் வண்டியின் ஆவணங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இதே எளாவூரில், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, பி.பி.சி. நிறுவனத்தின் ஐபிளேயர் என்னும் இணையச் சேவையில் ஒரு தொடரைப் பார்க்க முயல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்து. குதிரை வண்டி, மாளிகை, சொத்துத் தகராறு, நடுவே ஒரு காதல். இவ்வகைக் கதைகள் நமக்கு அன்னியமானவை அல்ல. 1811-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றை, 2000-ஆம் ஆண்டில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம் செட்டிநாட்டு வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. ஆனால் நீங்கள் பார்க்க விரும்பிய தொடர் ஓடாது. இச்சேவை பிரிட்டனுக்குள் மட்டுமே இயங்கும் என்ற அறிவிப்புதான் திரையில் தோன்றும். உங்கள் ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கணிப்பொறிக்கு அது எப்படித் தெரிந்தது?

அதைப் பார்ப்பதற்கு முன், இந்தப் பூட்டு எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு தொடரை ஒளிபரப்பும் உரிமை நாடு நாடாகத் தனித்தனியே விற்கப்படுகிறது. பிரிட்டனில் ஒரு நிறுவனம் வாங்கும், அமெரிக்காவில் இன்னொன்று, இந்தியாவில் வேறொன்று. வாங்கியவர் தம் எல்லைக்குள் தாம் மட்டுமே காட்ட வேண்டும் என்றுதான் பணம் கொடுக்கிறார். பி.பி.சி.க்கு மற்றொரு காரணமும் உண்டு. அது பிரிட்டிஷ் குடும்பங்கள் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் நடைபெறுவது. 2016 செப்டம்பரிலிருந்து ஐபிளேயரில் நிகழ்ச்சி பார்ப்பதற்கும் அந்த உரிமம் வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் வரும் சங்கடத்துக்கு ‘டவுன்டன் ஆபி’ நல்ல உதாரணம். இத்தொடரை பிரிட்டனில் ஐ.டி.வி. 2010 செப்டம்பரில் தொடங்கியது. அமெரிக்கர்கள் அதை 2011 ஜனவரியில்தான் பார்த்தார்கள். பின்னர் வந்த பகுதிகளுக்கும் இதே கதிதான். 2012-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் கதாநாயகன் மாத்யூ இறந்துபோன செய்தி பிரிட்டன் முழுவதும் பேச்சாயிற்று. அமெரிக்காவில் அந்தப் பகுதி 2013 பிப்ரவரி 17 அன்றுதான் வந்தது. ஏறத்தாழ எட்டு வாரம், பத்திரிகையைப் பிரிக்காமலும் நண்பர்களிடம் பேசாமலும் இருந்தால்தான் கதையின் முடிவு தெரியாமல் இருக்க முடியும்! உரிமையை விற்றவர்களுக்கு இது கணக்கு. பார்ப்பவருக்கு இது தண்டனை. பூட்டை உடைக்கும் ஆசை இத்தகைய காத்திருப்பில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

வானொலிக் காலத்தில் இத்தொல்லை இல்லை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டில் கேட்காத தெரு ஒரு காலத்தில் அபூர்வம். 1982-இல் தொடங்கிய ரூபவாகினியை நம் தென்கடற்கரை மக்கள் உயரமான ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். அலை தன் வலு உள்ளவரை பரவும். யார் பிடிக்கிறார்கள் என்பது ஒலிபரப்பும் கோபுரத்துக்குத் தெரியாது.

டி.வி.டி. தட்டு வந்தபோதுதான் பூட்டு வந்தது. அதைத் தயாரித்தவர்கள் உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்தார்கள். தட்டின் எண்ணும் கருவியின் எண்ணும் ஒத்தால்தான் படம் ஓடும். சென்னையும் யாழ்ப்பாணமும் மண்டலம் 5, சிங்கப்பூர் 3, லண்டன் 2, சிட்னி 4, டொராண்டோ 1. ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் ஐந்து மண்டலங்களில் சிதறியிருந்தால், ஒருவர் வாங்கிய தட்டு மற்றவருக்குப் பயன்படாது! கணிப்பொறியில் உள்ள டி.வி.டி. கருவியில் மண்டல எண்ணை ஐந்து முறை மாற்றலாம். அதன் பிறகு அது நிலைத்துவிடும்.

இணையத்தில் தட்டும் இல்லை, கருவியில் பொறித்த மண்டல எண்ணும் இல்லை. ஆனால் வேறோர் எண் இருக்கிறது.

நீங்கள் ஒரு படத்தைக் கேட்டு அனுப்பும் வேண்டுகோளில், பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற விலாசம் இருந்தே தீரவேண்டும். அதுதான் ஐ.பி. எண். பழைய முறையில் அது நான்கு எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஆகவே மொத்தம் கிடைக்கும் விலாசங்கள் சுமார் 429 கோடி. உலகில் உள்ள கருவிகளுக்கு இது போதவில்லை. அதனால் மிக நீண்ட எண்களைக் கொண்ட புதிய முறையும் இப்போது வழக்கில் இருக்கிறது.

இந்த எண்களை யாரும் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. ஆசியா, பசிபிக் பகுதிக்குரிய பதிவகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. அதிலிருந்து எண்கள் கட்டுக்கட்டாக இந்திய நிறுவனங்களுக்கு வருகின்றன. உங்கள் தொலைபேசி நிறுவனம் அவற்றிலொன்றை உங்களுக்குச் சிறிது நேரம் இரவல் தருகிறது. எந்தக் கட்டு எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவு. சில நிறுவனங்கள் இப்பதிவுகளையும் வேறு தடயங்களையும் சேர்த்து, இன்ன எண் இன்ன நாடு, இன்ன நகரம் என்று பெரிய அட்டவணை தயாரித்து விற்கின்றன. லண்டன் கணிப்பொறி செய்வதெல்லாம் அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்ப்பதுதான்.

எனவே எளாவூர் என்ற ஊரே அதற்குத் தெரியாது! எளாவூரில் நீங்கள் பயன்படுத்தும் கைப்பேசியின் தகவல் இணையத்தில் கலக்கும் வாயில் சென்னையிலோ வேறு பெருநகரிலோ இருக்கலாம். அட்டவணையும் அந்த நகரத்தின் பெயரையே சொல்லும். போதாததற்கு, ஒரே எண்ணின் பின்னால் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் இருப்பதும் உண்டு. நாடு எது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் எது என்பதை நம்பக்கூடாது.

நம்பியதால் விளைந்த விபரீதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாக்ஸ்மைண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் இத்தகைய அட்டவணை தயாரிப்பது. ஓர் எண் அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் ஊர் தெரியவில்லை என்றால் எந்த இடத்தைக் குறிப்பது? நாட்டின் நடுப்புள்ளியைக் குறித்துவிடலாம் என்று 2002-இல் முடிவு செய்தார்கள். பின்னங்களை ஒதுக்கி, வட அட்சம் 38, மேற்குத் தீர்க்கம் 97 என்று முழு எண்ணாக வைத்தார்கள். அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. நாளடைவில் 60 கோடிக்கும் மேற்பட்ட எண்களுக்கு அந்த வீடே விலாசமாகிவிட்டது. எங்கோ நடந்த மோசடிக்கும், காணாமற்போனவர்களுக்கும், திருடுபோன பொருளுக்கும் போலீசார் அங்கே வந்து கதவைத் தட்டினார்கள். ஏமாந்தவர்களும் கோபத்தோடு வந்தார்கள். காரணம் 2016-இல் தான் வெளிப்பட்டது. அதன்பின் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தி வைத்தார்கள்.

இனி, பூட்டைத் தாண்டும் வழிக்கு வருவோம். வி.பி.என். என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வேண்டுகோளை உறையில் இட்டு, லண்டனில் உள்ள ஒரு கணிப்பொறிக்கு அனுப்புகிறீர்கள். அது உறையைப் பிரித்து, தன் விலாசத்தை இட்டு ஐபிளேயருக்குக் கொடுக்கிறது. வந்த பதிலை மறுபடி உறையிட்டு எளாவூருக்கு அனுப்புகிறது. ஐபிளேயருக்குத் தெரிவது லண்டன் விலாசம் மட்டும். அலுவலகக் கடிதங்களை வெளியார் படிக்காமல் காப்பதற்காகத் தோன்றிய முறை இது. தொடர் பார்ப்பது அதன் பக்க விளைவு.

இதே வித்தை எதிர்த்திசையிலும் நடக்கிறது. இந்தியாவுக்குள் மட்டும் காட்டப்படும் நிகழ்ச்சியைப் பார்க்க டொராண்டோவில் உள்ள தமிழருக்கு இந்திய விலாசம் வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. வி.பி.என். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ஐ.பி. எண் ஆகியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அது. இதை ஏற்காத எக்ஸ்பிரஸ் வி.பி.என். முதலிய நிறுவனங்கள் அந்த ஜூன் மாதமே இந்தியாவில் இருந்த தம் கணிப்பொறிகளை அகற்றின. ஆனால் இந்திய விலாசம் தருவதை நிறுத்தவில்லை. எக்ஸ்பிரஸ் நிறுவனம் கணிப்பொறியை சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்து, அதற்கு இந்திய எண்ணைக் கொடுத்தது. அட்டவணை அதை இந்தியா என்கிறது, இயந்திரமோ சிங்கப்பூரில்!

அட்டவணையை ஏமாற்றலாம், ஒளியை ஏமாற்ற முடியுமா? கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 200 கிலோமீட்டர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் இருக்கும் ஐ2ஐ கடலடிக் கம்பிவடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப, ஆயிரத்தில் 32 பங்கு வினாடியாவது ஆகும். ‘இந்தியாவில் இருக்கிறேன்’ என்று சொல்லும் கணிப்பொறி ஒன்று, சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டதும் ஆயிரத்தில் 2 பங்கு வினாடியில் பதில் சொன்னால் என்ன பொருள்? அது சிங்கப்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதுதான். தாமதமாகப் பதில் சொல்லித் தொலைவில் இருப்பதாக நடிக்கலாம். அருகில் இருப்பதாக எவராலும் நடிக்க இயலாது.

இவ்வளவு துல்லியமான முறை இருந்தும், தொடர் காட்டும் நிறுவனங்கள் பெரும்பாலும் எளிய வழியையே நாடுகின்றன. எளாவூர் நேயருக்கு உண்மையில் அதிகத் தாமதம் இருக்கும். ஆனால் மெதுவான இணைப்புள்ள லண்டன்காரருக்கும் அப்படியே இருக்கலாமே! ஆகவே அவை விலாசத்தின் வகையைப் பார்க்கின்றன. வீட்டு இணைப்புக்கு உரிய எண்ணா, கணிப்பொறிக் கிடங்குக்கு உரிய எண்ணா? ஒரே எண்ணிலிருந்து ஆயிரம் பேர் படம் பார்க்கிறார்களா? நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி 6 அன்று இந்தியா உட்பட 130 நாடுகளில் கடை திறந்தது; அடுத்த வாரமே இத்தகைய இடைக் கணிப்பொறிகளைத் தடுக்கப் போவதாக அறிவித்தது.

கிடங்கின் எண்கள் தடுக்கப்பட்டால், வீட்டு எண்களுக்கு மதிப்புக் கூடும் அல்லவா? இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஹோலா என்ற இலவசச் சேவையைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். அது தன் கணிப்பொறிகளுக்குப் பதிலாகப் பயனாளிகளின் இணைப்புகளையே ஒருவருக்கொருவர் வழியாக்கியது. அந்த வழிகளை லூமினாட்டி என்ற பெயரில் பணத்துக்கு விற்றும் வந்தது என்பது 2015 மே மாதத்தில் பெரும் சர்ச்சையாயிற்று. நீங்கள் லண்டன் விலாசத்தை இரவல் வாங்கிக் காதல் தொடர் பார்க்கும்போது, முகம் தெரியாத ஒருவர் உங்கள் எளாவூர் விலாசத்தை இரவல் வாங்கி வேறென்னவோ செய்துகொண்டிருக்கலாம். தடயம் தேடி வருவோரின் அட்டவணையில் இருக்கும் எண் உங்களுடையது. கான்சாஸ் பண்ணைக்காரருக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். அவராவது எதையும் நிறுவிக்கொள்ளவில்லை.

காசு கொடுத்து வாங்கும் வி.பி.என்.னிலும் உறையைப் பிரிப்பது அந்த நிறுவனம்தான். நீங்கள் எந்தெந்த இடங்களுக்குப் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். தவிர, பூட்டைத் தாண்டுவது தொடர் காட்டும் நிறுவனங்களின் விதிகளுக்கு முரணானது. அதே தொடரின் இந்திய உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் முதலில் செய்யத்தக்கது. பல தொடர்கள் வேறு பெயருள்ள கடையில் இங்கேயே கிடைக்கும்.

பூட்டுக்கு ஆளைத் தெரியாது, விலாசம்தான் தெரியும். உரிமக் கட்டணம் செலுத்திய ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வந்து தங்கினால் அவருக்கும் ஐபிளேயர் ஓடாது. புறப்படுமுன் லண்டனிலேயே இறக்கி வைத்துக்கொண்ட பகுதிகளை மட்டும் அவர் இங்கே பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு சட்டமே செய்தது. சொந்த நாட்டில் பணம் கட்டியவர் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போயிருந்தாலும், கட்டணச் சேவைகள் அதே நிகழ்ச்சிகளை அவருக்குத் தந்தாக வேண்டும் என்று 2018 ஏப்ரல் 1 முதல் விதி வந்தது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியதால், 2021 ஜனவரி 1 முதல் அங்குள்ள சந்தாதாரர்களுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு நின்றுபோயிற்று. இப்போது லண்டன்காரர் கடலைக் கடந்து பாரிசுக்குப் போனாலும், அவருடைய தொடர் அங்கே ஓடுமா என்பது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.