படகுக்கு ஒரு படங்குச் சட்டம்

வட நோர்வேயின் பின்மார்க் பகுதிக்கு 1980களிலும் 1990களிலும் மீன் பதனிடும் தொழிற்சாலைகளை நம்பிச் சென்ற நம்மவர் பலர். அவர்களுள் ஒருவரான நண்பரின் வீட்டில் சென்ற கோடையில் சில நாட்கள் தங்கியிருந்தேன். வடமராட்சிக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தொழிற்சாலையில் நாள்தோறும் மீனை வெட்டியபோதிலும், பிடிக்கக் கடலுக்குப் போனதில்லை. இப்போதுதான் பதினாறடி நீளப் பழைய அலுமினியப் படகொன்றை வாங்கியிருந்தார்.

ஆனால், மனைவியார் ஒரு நிபந்தனை விதித்தார். "படங்கு போடாமல் பிள்ளையை ஏத்த வேண்டாம்." அவர் சொன்னது நியாயமே. அங்கு கோடையிலும் கடற்காற்று எலும்பைத் துளைக்கும். படகின் மேல் விரிக்கும் அத்துணிக்கூரையை நோர்வேயர் 'கலேஷே' என்பர். கடைக்காரர் கேட்ட தொகையோ படகின் விலையை நெருங்கியது. துணியை வீட்டிலேயே தைத்துவிடலாம். அதைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தை யார் வளைப்பது? தாமே வளைப்பதென நண்பர் முடிவு செய்தார்.

முதற் குழாய் வீணாயிற்று. ஊரில் இரும்பைச் சூடாக்கி வளைப்பதைக் கண்டவர் அவர். தீச்சுடரால் குழாயைச் சிவக்கக் காய்ச்சி, முழங்காலில் வைத்து அழுத்தினார். உட்புறம் மடிந்து நசுங்கிற்று. எஞ்சிய பகுதி நீலமும் கருமையுமாக நிறம் மாறியது. "சேர், இது இரும்பில்லை. வேறை சாமான்," என்றார் என்னிடம்.

வேறு பொருள்தான். நம் சமையலறையில் எவர்சில்வர் எனப்படும் இத் துருப்பிடியா உருக்கைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் காற்றுடன் சேர்ந்து உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகும். ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், குரோமியம் கரியுடன் சேர்ந்து ஒதுங்கிவிடும். நிறம் மாறிய மேற்பரப்பும் காப்பாற்றும் ஆற்றலை இழக்கும். அவ்விடத்தை உப்புநீர் அரிக்கும். ஆகவே, குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். கடலுக்கு ஏற்றது 316 எனக் குறிக்கப்படும் வகை. அதில் நூற்றுக்கு இரண்டு பங்களவில் மொலிப்டினம் கலந்திருப்பதால், சாதாரண 304 வகையைவிட உப்பை நன்கு தாங்கும்.

இரண்டாம் முயற்சி கணக்கிலிருந்து தொடங்கியது. வாகனக் கொட்டகையின் தரையில், சட்டத்தின் வடிவத்தைச் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்தோம். அகலம் 1800 மி.மீ., கால் ஒவ்வொன்றும் 1100 மி.மீ., குழாயின் விட்டம் 25 மி.மீ. இரு மூலைகளிலும் செங்கோண வளைவு. குழாயின் நடுக்கோட்டில் ஆரை 150 மி.மீ. மூன்று பக்கங்களையும் கூட்டினால் 4000 வரும். ஆனால், குழாய் மூலையைச் சுற்றாமல் வளைவாகக் குறுக்கே செல்கிறது. பதினாலு வயது மகன் கணக்கிட்டான்: ஒரு வளைவின் நீளம் 236 மி.மீ.; மொத்தத் தேவை 3872 மி.மீ. பிடித்து இழுப்பதற்காக ஒவ்வொரு முனையிலும் 100 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்தோம். பின்னர் வெட்டிவிடலாம்.

இந்த வளைவில் குழாயின் வெளிப்புறம் நூற்றுக்கு எட்டுப் பங்கு நீள்கிறது. உட்புறம் அதேயளவு சுருங்குகிறது. சுருங்க இடமின்றி உட்புறம் மடியும்போதே குழாய் நசுங்குகிறது. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். நன்கு உலர்ந்த நுண்மணலைத் தட்டித் தட்டி இறுக நிரப்பி, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்தோம். அடுத்து, ஒட்டுப்பலகைகளை அடுக்கி வளைவான அச்சொன்று செய்து, அதன் விளிம்பில் குழாய் பதியும்படி பள்ளம் குடைந்தோம். பள்ளத்தின் அடி ஆரை 137 மி.மீ. அளவில் இருந்தது. பக்கங்களைப் பள்ளம் அணைத்துக்கொண்டதால் குழாய் தட்டையாகவில்லை. குழாயின் ஒட்டுத் தழும்பு உட்புறமோ வெளிப்புறமோ அன்றிப் பக்கவாட்டில் இருக்குமாறு திருப்பினோம்.

கையை விட்டதும் இவ்வுலோகம் சற்றுப் பின்வாங்கும். எவ்வளவு என்பதை ஒரு துண்டுக் குழாயை வளைத்தே அறிந்தோம். அந்த அளவுக்கு மேலதிகமாக வளைத்தோம். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வளையும்போதே இவ்வுருக்கு இறுகிக் கடினமாகிறது. கூடுதலாக வளைந்துவிட்டதென நிமிர்த்தி, மீண்டும் வளைத்தால் வெடிக்கக்கூடும். எனவே வெட்டி இழுக்காமல், ஒரே சீராக, மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டாவது வளைவு முறுக்கிக்கொள்ளாதிருக்க, குழாயின் நெடுகிலும் மைக்கோடு ஒன்றை முன்கூட்டியே இட்டிருந்தோம். இரண்டு கால்களும் ஒரே தளத்தில் நின்றபோது மகன் கைதட்டினான்.

துளையிடும்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் இட்டு, அழுத்தித் துளைக்க வேண்டும். இரும்பில் பாவித்த தூரிகையையும் அரத்தையும் இதில் பாவிக்கலாகாது. ஒட்டும் இரும்புத் தூள் துருவைத் தொடக்கிவிடும். அலுமினியப் படகில் பொருத்தும் இடங்களில் நைலோன் தகடு வைத்தோம். இரு உலோகங்களும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டால் அலுமினியமே அரிபடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. படங்கு காற்றைத் தடுக்கும். அதேவேளை படகின் பின்னால் காற்றைச் சுழற்றி, இயந்திரப் புகையை உள்ளே இழுக்கவும் கூடும். அதிலுள்ள காபன் ஓரொட்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. அது உயிரைக் குடிக்கும். ஆகவே இயந்திரம் ஓடும்போது முன்பக்கத்திலும் காற்று வரும் வழி இருக்க வேண்டும். முழுதும் மூடி இயந்திரத்தை இயக்கலாகாது. நோர்வேயில் எட்டு மீற்றருக்குக் குறைந்த திறந்த படகுகள் ஓடும்போது, உள்ளிருப்போர் மிதவைச் சட்டை அணிய வேண்டுமென்பது 2015 முதல் சட்டம். நண்பர் மகனுக்கு முதலில் அணிவித்த பின்னரே தாம் அணிந்தார்.

புறப்படும் வேளை மனைவியார் கரைக்கு வந்தார். சட்டத்தை இருமுறை பிடித்து உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. "சரி, இருட்டுறத்துக்கு முதல் வாங்கோ," என்றார். கோடையில் அங்கு இருட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பத்து மணிக்கு முன்னரே திரும்பிவிட்டார்கள்.