தாத்தா எழுத்தும் பேரன் எழுத்தும்

சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 1955-ம் ஆண்டில் தாத்தா எழுதிய கடிதம். பேரன் எடுத்துப் படிக்கிறான். இரண்டாவது வரியிலேயே தடுமாறுகிறான்.

"தாத்தா தப்பாக எழுதியிருக்கிறாரே!" என்கிறான்.

தாத்தா எழுதியது சரிதான்! அந்தக் காலத்தில் "ணை, லை, ளை, னை" என்ற எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போல ஒரு சுழி இருந்தது. "ணா, றா, னா" என்ற எழுத்துகளுக்குத் துணைக்கால் தனியாக நிற்காது. எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும்.

மாற்றியது யார்?

முதலில் மாற்றிக் காட்டியது ஒரு பத்திரிகை! 1935-ம் ஆண்டில் பெரியார் தமது "குடி அரசு" இதழில் இந்த எழுத்துகளை எளிதாக்கி அச்சிட்டார். படிப்பதும் சுலபம், அச்சுக் கோப்பதும் சுலபம் என்பது அவர் எண்ணம்.

அரசாங்கம் அதை ஏற்க 43 ஆண்டுகள் ஆயின. 1978-ம் ஆண்டில் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராக இருந்தபோது ஆணை பிறந்தது. 13 எழுத்துகள் மாறின. பள்ளிப் பாடப் புத்தகங்களும் மாறின. ஆனால், "ஐ" என்பதை "அய்" என்று எழுதும் முறையை அரசாங்கம் ஏற்கவில்லை.

பிரித்து எழுதினார்கள்

எழுத்து மட்டுமா மாறியது? வாக்கியமும் மாறியது.

1942-ம் ஆண்டில் சி.பா. ஆதித்தனார் மதுரையில் "தந்தி" நாளிதழைத் தொடங்கினார். அதுவே பின்னர் "தினத்தந்தி" ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி புரியவேண்டும் என்று, சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினார்கள். "அவனங்கேயில்லையென்றான்" என்று சேர்த்து எழுதினால் புதிதாகப் படிப்பவர் திணறுவார். "அவன் அங்கே இல்லை என்றான்" என்றால் தயங்காமல் படிப்பார். டீக்கடையில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள்.

"அக்கிராசனர்" போய்த் "தலைவர்" வந்தார். "அபேட்சகர்" போய் "வேட்பாளர்" வந்தார். மேடையில் பேசியதைப் பத்திரிகை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது.

ஒரு புள்ளி போனால்...

எளிமை நல்லதுதான். ஆனால், அவசரத்தில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்! "வேலை கொடுத்தான்" என்றால் உத்தியோகம் கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் முருகன் கையில் இருக்கிறதே, அந்த வேலைக் கொடுத்தான்! பத்திரிகையில் பார்ப்பதைத்தான் சரி என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆகவே, அச்சிடுகிறவர்களுக்குப் பொறுப்பு அதிகம்.

உங்கள் வீட்டிலும் பழைய கடிதம் இருக்கிறதா? அந்தப் பழைய எழுத்துகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். தாத்தா என்ன எழுதினார் என்பதைப் பேரன் தானே படித்துவிடுவான்.