சுடுகாட்டுச் சங்கீதம்: லண்டனில் "கோத்", கரிசல் காட்டில் ஒப்பாரி!

கருப்புச் சட்டை. கருப்பு உதட்டுச் சாயம். கண்ணைச் சுற்றி மை. பாட்டிலோ சாவு, கல்லறை, பிரிவு, பேய்!

மேல்நாட்டில் இப்படி ஒரு இசை இருக்கிறது. அதன் பெயர் "கோத்".

செல்போனில் பாட்டுக் கேட்கும் காலேஜ் பையன்களுக்கு இந்தப் பெயர் தெரியும். "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பிறந்த கதை இதுதான்:-

1979-ல் இங்கிலாந்தில் "பவ்ஹாஸ்" என்ற குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. 1931-ல் வந்த "டிராகுலா" படத்தில் ரத்தக்காட்டேரியாக நடித்தவர் பேலா லுகோசி. அவர் செத்துப்போனதைப் பற்றிய பாட்டு. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். கோத் இசைக்குப் பிள்ளையார் சுழி இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள்.

1982-ல் லண்டனில் "பேட்கேவ்" என்ற இரவு விடுதி தொடங்கியது. "வவ்வால் குகை" என்று அர்த்தம். கோத் ரசிகர்கள் அங்கே கூடினார்கள்.

கிளைகள்

பேஸ் கிட்டார் முன்னால் நிற்கும். குரல் அடித்தொண்டையில் வரும். பாட்டு முழுக்க சோகம். இது கோத்.

சிந்தசைசர் கூடினால் "டார்க்வேவ்". அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சில் பங்க் இசையோடு வளர்ந்தது "டெத்ராக்". கனத்த மின் கிட்டார் சேர்ந்தால் "கோதிக் மெட்டல்".

"இதென்ன பெரிய அதிசயம்? நம்ம ஊர்ல இல்லாததா?" என்று கோவில்பட்டிக்காரர் கேட்கலாம்.

கேட்பது நியாயம்தான். கரிசல் பூமியிலும் தென்மாவட்டங்களிலும் சாவுக்கும் சுடுகாட்டுக்கும் தனி இசையே உண்டு. அதிலும் வகை வகையாக!

ஒப்பாரி: இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் தோள் கட்டி, தலையை விரித்துப் போட்டுப் பாடுவது. செத்தவரைப் பொன்னுக்கும் பூவுக்கும் ஒப்புச் சொல்லி அழுவது. தாயைப் பறிகொடுத்த மகளுக்கு ஒரு பாட்டு. தாலி இழந்தவளுக்கு வேறு பாட்டு.

மாரடிப் பாட்டு: ஒருத்தி பாட, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வது. கூலிக்கு வந்து பாடுவோரும் உண்டு. "கூலிக்கு மாரடிக்கிறான்" என்று ஆபீசில் சொல்கிறோமே, அந்தப் பேச்சு பிறந்த இடம் இதுதான்.

சாவு மேளம்: பறைக்குக் கல்யாண அடி வேறு, சாவு அடி வேறு. புறநானூற்றின் 194-வது பாட்டிலேயே ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் கேட்கின்றன.

மகுடம்: சுடுகாட்டுச் சாமி சுடலைமாடனின் கொடையில் கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி கதை பாட, இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். நடுச்சாமத்தில் கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கும் "கைவெட்டு"ம் உண்டு.

வில்லுப்பாட்டு: வில், குடம், உடுக்கை. கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் இதில் வரும். சாத்தூர் பிச்சைக்குட்டி வில்லடித்துப் பேர் வாங்கியவர்.

பெரிய வித்தியாசம்

கோத் பாடகர் மேடையில் கற்பனைச் சாவைப் பாடுகிறார். ஒப்பாரி பாடுகிறவளுக்கு முன்னால் உண்மையான பிணம் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒப்பாரியில் அழுகை மட்டும் இல்லை. பொறந்த வீட்டில் செய்த சீர், கொடுக்காமல் விட்ட பங்கு, கொழுந்தியாளின் குத்தல் பேச்சு எல்லாம் பாட்டாக வெளியே வரும். மற்ற நாளில் வாயைத் திறந்தால் "சும்மா கெட" என்று அடக்குவார்கள். அன்றைக்கு ஒருவரும் அடக்க முடியாது. ஊரே கேட்டாக வேண்டும்!

யார் பாடுவார்?

இப்போது இழவு வீட்டுக்கு ஒலிபெருக்கியோடு கூலிக்குழு வருகிறது. பெற்ற மகள் ஓரமாக நின்று கேட்கிறாள். தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் வெளியூருக்கும் போன பெண்களுக்கு, கிழவிகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடக் கற்க நேரம் ஏது?

பறையின் கதை வேறு. "சாதியின் பேரால் சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று பல ஊர்களில் மறுத்தார்கள். அது நியாயமான மறுப்பு. அதே பறை இன்று மேடை ஏறிவிட்டது. கல்லூரி மாணவிகளும் கற்கிறார்கள்.

சென்னையில் மரண கானாவும் மேடை கண்டுவிட்டது. ஒப்பாரிக்குத்தான் இன்னும் மரியாதை வரவில்லை.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் (1923-2021) கரிசல் பேச்சை அகராதியாகவே தொகுத்து வைத்தார். இந்தப் பாட்டுகளையும் அப்படித் தொகுக்க இன்னும் பாட்டிமார் இருக்கிறார்கள்.

பாட்டியிடம் கேட்டுச் செல்போனில் பதிவு செய்ய ஆசையா? நடுவீட்டில் வைத்துக் கேட்காதீர்கள். "நல்லாருக்கிற வீட்ல ஒப்பாரியா?" என்று விரட்டிவிடுவார். களத்துமேட்டு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பாடுவார்.