வாடுவதற்குள் ஒரு சூரியகாந்தி

பதினெட்டாம் நூற்றாண்டு ஹாலந்தில் பூச்சாடி ஓவியங்களுக்குப் பெயர்போனவர் யான் வான் ஹாய்சம். ஒரு மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை என்பதற்காக அடுத்த வசந்தம்வரை ஓவியத்தை முடிக்காமல் வைத்திருந்தவர் அவர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய ஓவியம் ஒன்று 1736இல் தொடங்கி 1737இல் முடிந்தது.

குளோத் மொனேக்கு அந்தப் பொறுமை தேவைப்படவில்லை. 1881இல், பாரிஸுக்கு வெளியே சேன் நதிக்கரையில் இருக்கும் வெத்தோய் கிராமத்தில், தோட்டப் படிகளின் ஓரம் பூத்த சூரியகாந்திகளை ஜப்பானியச் சாடி ஒன்றில் செருகி, சிவப்பு விரிப்பின்மேல் வைத்து வரைந்தார். ஒரு மீட்டர் உயரமுள்ள அந்தத் தைலவண்ண ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் இதழ்கள் மறைந்து தடித்த மஞ்சள் தீற்றல்கள்தாம் தெரியும். நாலடி பின்வாங்கினால் பூ திரும்பி வந்துவிடும்.

மொனே இப்படி வேகமாக வரைந்ததற்குப் பின்னால் புதிய கருவிகள் இருந்தன. முன்பெல்லாம் வண்ணத்தை அரைத்துக் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மூடியைத் திருகினால் வெண்ணெய்ப் பதத்தில் வண்ணம் தயார். தூரிகையின் மயிரை உலோகப் பட்டை இறுக்கிப் பிடித்ததால் தட்டைத் தூரிகைகளும் பரவின. ஒரே இழுப்பில் ஓர் இதழ் விழுந்தது.

எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெயோ கசகசா எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல இறுகும். அதற்கு நாள் கணக்காகும். பழைய ஓவியர்கள் ஓர் அடுக்கு காயும்வரை காத்திருந்து அடுத்ததைப் பூசினார்கள். மொனேயைப் போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பல இடங்களில் ஈரத்தின்மேலேயே ஈரத்தை இழுத்தார்கள். அடியிலிருக்கும் நிறமும் கொஞ்சம் கூடவே இழுபடும். அந்தக் கலங்கலில்தான் இதழின் மென்மை வருகிறது. இந்த ஓவியங்களின் உயிரே அதுதான்.

மொனேயின் சூரியகாந்திப் படத்தில் பின்னணியைக் கவனிக்க வேண்டும்: ஊதாச் சாயல். சித்திரத் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் பணியாற்றிய வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ருல், அருகருகே வைத்த எதிர்நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்று 1839இலேயே நூலாக விளக்கியிருந்தார். ஊதாவின் பக்கத்தில் மஞ்சள் கூடுதலாகக் கொதிக்கிறது.

1882இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் ஏழாவது கண்காட்சியில் இந்தச் சூரியகாந்திகள் இடம்பெற்றன. ஆறு ஆண்டுகள் கழித்து, மொனேயின் படத்தைவிட வான்கோவின் சூரியகாந்திகளே தனக்குப் பிடித்தவை என்றார் ஓவியர் கோகன். தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்த வான்கோ, தனக்கு அதில் உடன்பாடில்லை என்றும் சேர்த்து எழுதினார்.