மலிவு மட்டுமே மதிப்பல்ல!

நடுத்தரக் குடும்பங்களின் நெடுநாளைய கனவுகளில் சொந்த வீட்டுக்கு அடுத்த இடத்தில் இருப்பது கார். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கனவு சற்று நெருங்கி வந்திருக்கிறது. 1,200 சிசிக்கு மிகாத என்ஜினும் 4 மீட்டருக்கு மிகாத நீளமும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு, 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத கூடுதல் வரியுமாக இருந்த சுமை 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சில ஹேட்ச்பேக் கார்களின் தொடக்க விலை 4 லட்சம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

சேலத்துக்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி போன்ற பேரூர்களில் இந்த விலைக் குறைப்புக்குத் தனிப் பொருள் உண்டு. பள்ளி, மருத்துவமனை, சந்தை, அலுவலகம் என எல்லாவற்றுக்கும் சேலம் நகருக்குச் சென்று திரும்ப வேண்டியவர்கள் இங்கு ஏராளம். தந்தை, தாய், இரு குழந்தைகள் என நால்வர் ஒரே இருசக்கர வாகனத்தில் நெடுஞ்சாலையைக் கடக்கும் காட்சி இன்றும் அரிதல்ல. அத்தகைய குடும்பத்துக்குச் சிறிய கார் ஆடம்பரம் ஆகாது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. எனவே, அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பது முக்கியமான கேள்வியாகிறது.

'மலிவானது' என்ற ஒற்றைத் தகுதி போதாது என்பதற்கு வரலாறே சான்று. 1983 டிசம்பரில் மாருதி 800 சுமார் 47,500 ரூபாய் விலையில் வந்தபோது, அது குறைந்த விலைக்காக மட்டும் வரவேற்கப்படவில்லை. பழுதின்றி ஓடியது, எளிதில் பராமரிக்க முடிந்தது. அதனால்தான் 2014 வரை அதன் உற்பத்தி தொடர்ந்தது. மாறாக, மழையில் நனைந்தபடி இருசக்கர வாகனத்தில் சென்ற குடும்பத்தைக் கண்டு ரத்தன் டாடா உருவாக்க விரும்பிய நானோ, ஒரு லட்சம் ரூபாய் கார் என்று 2008-இல் உலகமே வியக்க அறிமுகமானது. ஆயினும், 'மிக மலிவான கார்' என்ற முத்திரையே அதன் விற்பனைக்குத் தடையானது. அவ்வாறு முன்னிறுத்தியது தவறு என்று பின்னாளில் அவரே கூறினார்.

முதலில் விலையைப் பார்ப்போம். விளம்பரத்தில் காணும் ஷோரூம் விலை, நாம் செலுத்தும் விலை அல்ல. தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 12 சதவீதமும், 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதமும் வாழ்நாள் சாலை வரியாக வசூலிக்கப்படுகின்றன. நாலரை லட்சம் ரூபாய் காருக்குச் சாலை வரியே 54 ஆயிரம் ரூபாய். காப்பீடும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தால் விலை 5 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அடுத்து, அனைவரும் முதலில் கேட்கும் மைலேஜ். மாதம் 800 கி.மீ. ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 20 கி.மீ. தரும் காரில் 40 லிட்டர் பெட்ரோல் தேவை. 24 கி.மீ. தரும் காரில் ஏறத்தாழ 33 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 670 ரூபாய் மிச்சம். ஏழு ஆண்டுகளில் சுமார் 56 ஆயிரம் ரூபாய். இது நல்ல தொகைதான். ஆனால், 5 லட்சம் ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிலாக ஏழு ஆண்டுகளில் அடைத்தால், கூடுதலாகச் செலுத்தும் வட்டி சுமார் 53 ஆயிரம் ரூபாய். மைலேஜில் பிடித்ததை மாதத் தவணையில் விட்டுவிடுகிறோம். மைலேஜை விசாரிக்கும் அதே அக்கறையுடன் கடனின் கால அளவையும் விசாரிக்க வேண்டும்.

என்ஜின் திறனை விளம்பரத் தாளைக் கொண்டு அறிய முடியாது. நகருக்குள் தனியாக ஓட்டும்போது துடிப்பாகத் தோன்றும் ஒரு லிட்டர் என்ஜின், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, ஏசியும் இயங்கும்போது ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ திணறக் கூடும். எனவே, குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேட்டுச் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது. முதியோர் பின் இருக்கையில் எளிதாக ஏறி இறங்க முடிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது பாதுகாப்பு. சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலை லாரிகளும் டேங்கர்களும் இடைவிடாது செல்லும் பாதை. முக்கால் டன் எடையுள்ள கார் அவற்றின் நடுவே ஓட வேண்டும். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், முன் இருக்கைகளுக்கு இரண்டு ஏர்பேக் ஆகியவை இன்று சட்டப்படி கட்டாயம். ஆயினும் ஏர்பேக்கின் எண்ணிக்கை மட்டும் உயிரைக் காக்காது. மோதலின்போது பயணிகள் அமர்ந்திருக்கும் கூடு நசுங்காமல் நிற்பதே அடிப்படை. சீட் பெல்ட் அணியாதவருக்கு ஏர்பேக்கும் முழுப் பயன் தராது.

சட்டம் கோரும் முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் நடத்தப்படுகிறது. நட்சத்திரத் தரம் வழங்கும் சோதனையிலோ வேகம் 64 கி.மீ. வேகம் சிறிது கூடினாலும் மோதலின் ஆற்றல் அதன் இருமடிப் பெருக்கமாக உயரும். இந்த 8 கி.மீ. வேறுபாட்டிலேயே ஆற்றல் 30 சதவீதம் அதிகமாகிறது. 80 கி.மீ. வேகத்தில் அது இரு மடங்கு.

சிறிய கார் என்றாலே பலவீனமானது என்று கருத வேண்டியதில்லை. குளோபல் என்கேப் சோதனையில் 2020-இல் டாடா டியாகோ, பெரியவர்கள் பாதுகாப்பில் 4 நட்சத்திரம் பெற்றது. 2023-இல் அதே அமைப்பின் சோதனையில் ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரமும், வேகன் ஆர் ஒரு நட்சத்திரமும் பெற்றன. குழந்தைகள் பாதுகாப்பில் அவ்விரண்டுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளின் சோதனை முறைகள் வேறு. ஆல்டோவில் பின்னர் ஆறு ஏர்பேக்குகளும் சேர்க்கப்பட்டன. எனினும், விலையில் அருகருகே நிற்கும் கார்களுக்குள் உயிர்காக்கும் திறனில் இவ்வளவு இடைவெளி இருக்கக் கூடும் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

அறிவதற்கு வழி இருக்கிறதா என்பதே கேள்வி. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய பாரத் என்கேப் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், அதில் பங்கேற்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. நல்ல மதிப்பெண் வரும் என்று நம்பும் நிறுவனம் காரை அனுப்பும்; நம்பாத நிறுவனம் மௌனம் காக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசி இயந்திரத்துக்கும் மின்சிக்கன நட்சத்திரங்களை ஒட்டியே தீர வேண்டும் என்று விதித்த நாட்டில், குழந்தைகளை ஏற்றிச் செல்லும் காருக்கு அந்த விதி இல்லாதது முரண்.

மோதல் சோதனைத் தரத்தை எல்லாக் கார்களின் விலைப் பட்டியலிலும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பாதுகாப்பு அம்சங்களைக் கூட்டினால் விலை உயர்ந்து, ஏழை இருசக்கர வாகனத்திலேயே தங்கிவிடுவார் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், தகவலை வெளியிடுவதால் விலை உயராது. எவ்வளவு பாதுகாப்பை எவ்வளவு விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கும் உரிமை, ஐம்பது லட்ச ரூபாய் கார் வாங்குபவருக்கு இருப்பதைவிட ஐந்து லட்ச ரூபாய் கார் வாங்குபவருக்கே கூடுதலாகத் தேவை. அவர் செலவிடுவது பல ஆண்டுச் சேமிப்பு. ஏற்றிச் செல்வது மொத்தக் குடும்பம்.